நிறம் மாறிய பாம்பும் அதனை நிறுவும் முறையும்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது பழமொழி. ஆயினும் அப்பாம்பையே கண்ணாடிப் பெட்டியில் இட்டு, வெப்பமும் நீரும் அளவறிந்து கொடுத்து, நாயையும் பூனையையும் பேணுவது போலப் பேணுவோர் மேலை நாடுகளிற் பலர் உளர். அவர்கள் வளர்ப்பன பெரும்பாலும் நஞ்சற்ற பாம்புகள். அவற்றுள்ளும் இயற்கை நிறத்தை விட்டு வேறு நிறங்கொண்டு பிறந்த பாம்புக்கே மதிப்பு மிகுதி. வெள்ளைப் பாம்பு, பொன்னிறப் பாம்பு, உடலிற் பாதி நிறமற்ற பாம்பு என்று அவை பல பெயர்களுடன் விற்பனைக்கு வருகின்றன. அந்நிறம் பாம்பின் குருதிவழியில் ஊன்றி வழிவழியாக வரக்கூடியதா, அன்றி அந்த ஒரு பாம்புடனேயே அழிந்துபோவதா என்பதுதான் இங்கே எழும் வினா. விற்பவன் சொல்லும் சொல் இதற்கு விடையாகாது. முட்டைகள் பொரிக்க வேண்டும். அவற்றினின்று வெளிவரும் குட்டிகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1953ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட கரோலைனா மாநிலத்தில் ஓர் ஆண் சோளப் பாம்பு பிடிபட்டது. சோளப் பாம்பு அந்நாட்டின் தென்கிழக்குப் பகுதிகளில் வயற்புறங்களிலும் தானியக் களஞ்சியங்களிலும் எலி தேடித் திரியும் சாதுவான பாம்பு. செம்மஞ்சள் நிற உடலின்மீது கருங்கரையிட்ட செந்நிறத் திட்டுகள் வரிசையாக அமைந்திருக்கும். வயிற்றுப் புறத்தில் கறுப்பும் வெள்ளையும் சதுரங்கப் பலகையில் உள்ளவை போல மாறிமாறி வரும். பிடிபட்ட பாம்பிலோ கருமை என்பதே இல்லை. திட்டுகளின் சிவப்பும் மஞ்சளும் மட்டும் எஞ்சி நிற்க, கரைகள் வெளிறியிருந்தன, கண்கள் சிவந்திருந்தன. தோல்நோய் மருத்துவரான பேர்னாட் பெக்டெல் அவர்களும் அவருடைய துணைவியார் எலிசபெத் அவர்களும் இப்பாம்பை மூலமாகக் கொண்டு இனவிருத்திச் சோதனைகளை நடத்தினர். 1961இல் கருமையற்ற குட்டிகள் அவர்களுடைய வளர்ப்பிலேயே முட்டையினின்று வெளிவந்தன. மறு ஆண்டு ‘கொப்பியா’ என்னும் ஆராய்ச்சிச் சஞ்சிகையில் அவர்கள் அம்முடிவை வெளியிட்டனர். பிடிபட்டதற்கும் நிறுவப்பட்டதற்கும் இடையே ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் கடந்துவிட்டன என்பது கருதத்தக்கது.

பாம்பின் நிறம் எவ்வாறு உண்டாகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். தோலின் அடியிலே நிறந்தாங்கும் உயிர்க்கலங்கள் பலவகை உள. ஒருவகை மெலனின் என்னும் கரும்பொருளை ஆக்கும். மற்றொருவகை மஞ்சளும் சிவப்புமான பொருள்களைத் தாங்கும். வேறொருவகை நுண்ணிய பளிங்குத் துணுக்குகளால் ஒளியைத் தெறிக்கச் செய்யும். இவை ஒன்றன்மேல் ஒன்று படிந்தமையால் தோன்றுவதே நாம் காணும் நிறம். மெலனின் உண்டாகாவிடின் கருமை மட்டும் மறைந்து சிவப்பும் மஞ்சளும் மிளிரும். சிவப்பு உண்டாகாவிடின் கறுப்பும் சாம்பலுமான பாம்பு பிறக்கும். இரண்டும் ஒருங்கே இல்லாத பாம்பு ஏறத்தாழ வெண்மையாகவே தோன்றும். அமெரிக்கர் அதற்கு ‘ஸ்னோ’, அஃதாவது பனி, என்று பெயரிட்டுள்ளனர்.

இத்தகைய பொருள்களை ஆக்கும் கட்டளை உயிர்க்கலத்தின் பரம்பரையலகுகளில் எழுதப்பட்டுள்ளது. ஒவ்வொரு பரம்பரையலகும் இரண்டிரண்டாக இருக்கும். ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. அவற்றுள் ஒன்றிற் பிழை நேர்வதையே விகாரம் என்பர். ஒரு பிரதி பழுதுற்றாலும் மற்றப் பிரதி நன்றாயிருப்பின் மெலனின் போதிய அளவில் உண்டாகிவிடும். பாம்பு பார்வைக்கு இயல்பாகவே இருக்கும்; ஆனால் பழுதைத் தன்னுள்ளே மறைத்துச் சுமந்துகொண்டிருக்கும். இரு பிரதிகளும் பழுதுற்றால்தான் வெளிறிய பாம்பு பிறக்கும். இத்தகைய விகாரத்தைப் பின்னிடைவானது என்பர். புரூண் நகரத்துத் துறவி கிறகர் மெண்டல் பட்டாணிச் செடிகளிற் கண்டு 1866இல் அச்சேற்றிய விதி இதுவே. பட்டாணிக்கும் பாம்பிற்கும் இவ்வகையில் வேற்றுமை இல்லை.

இனி, நிறுவும் முறையைப் பார்ப்போம். வெளிறிய ஆண்பாம்பு ஒன்று கிடைத்ததென்று கொள்வோம். அதனை இயல்பான நிறமுடைய பெண்ணோடு இணைத்தால், பிறக்கும் குட்டிகள் அனைத்தும் இயல்பான நிறத்தோடே பிறக்கும். அனுபவமில்லாதவன் இங்கேயே மனந்தளர்ந்து, நிறம் பரம்பரைக்குரியதன்று என்று முடிவு கட்டிவிடுவான். உண்மையில் அக்குட்டிகள் ஒவ்வொன்றும் தந்தையின் பழுதுற்ற பிரதி ஒன்றைச் சுமந்து நிற்கின்றன. அவை வளர்ந்து இனம்பெருக்கும் பருவம் எய்த இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். பின்னர் உடன்பிறந்தவற்றையே ஒன்றோடொன்று இணைத்தால் சராசரி நான்கு குட்டிகளுக்கு ஒன்று வெளிறியதாக வரும். அன்றி, பெண்குட்டியைத் தந்தையுடனேயே மீள இணைத்தால் இரண்டுக்கு ஒன்று வெளிறியதாக வரும். ஒன்று வந்தவுடனேயே ஐயம் பெரும்பாலும் அகன்றுவிடும். பாம்பு வளர்ப்போர் இதனையே அந்நிறம் ‘நிறுவப்பட்டது’ என்று சொல்லுகின்றனர்.

ஆனால் நான்கிற்கு ஒன்று என்பது சராசரிக் கணக்கு, அது வாக்குறுதியன்று. சுமப்பவை இரண்டின் முட்டைகள் பத்துப் பொரித்தபோதும் ஒன்றேனும் வெளிறாமற் போவதற்கு நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு வாய்ப்புண்டு. ஆறு முட்டைகளே கிடைத்திருப்பின் அந்த வாய்ப்பு நூற்றுக்குப் பதினெட்டாக உயரும். சோளப் பாம்பு ஒருமுறைக்குப் பத்தும் இருபதும் முட்டையிடுவதாதலின் அதைக்கொண்டு சோதிப்போர் விரைவில் முடிவு காண்பர். ஆபிரிக்காவின் மேற்குக் கரையினின்று வரும் பந்து மலைப்பாம்போ பெரும்பாலும் ஆறு முட்டை அளவிலேயே நின்றுவிடுகின்றது. அதன் பெண்ணும் பருவமடைய மூன்று ஆண்டளவு வேண்டும். அச்சம் நேர்ந்தவிடத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்வதால் அதற்கு அப்பெயர் வந்தது. இன்று உலகிலே மிகுதியாக நிறவிகாரம் கண்ட வளர்ப்புப் பாம்பு இதுவே. இதன் வெளிறிய வகை வளர்ப்பிலேயே முதன்முதலாகப் பொரித்தது 1992இல் எனக் கூறப்படுகின்றது.

விற்பனைத் தளத்தில் ஏமாற்றமும் மனத்தாங்கலும் நிகழ்வது பெரும்பாலும் மறைந்து சுமக்கும் பாம்புகளிலேதான். வெளிறிய பாம்பைப் பார்த்து வாங்கலாம். சுமக்கும் பாம்பையோ கண்ணாற் காண முடியாது. சுமக்கும் இரு பெற்றோருக்குப் பிறந்த இயல்பான நிறக் குட்டிகளிலே மூன்றில் இரண்டு பழுதைச் சுமப்பவை, ஒன்று சுமக்காதது. எது எதுவென்று அறிதல் இயலாமையால் அத்தகைய குட்டியை ‘அறுபத்தாறு வீதம் சுமக்கக்கூடியது’ என்று விற்கின்றனர். வாங்கியவர் அதனை நிறுவ விரும்பினால், வெளிறிய பாம்பு ஒன்றோடு இணைத்துப் பார்க்க வேண்டும். சுமப்பதாயின் குட்டிகளிற் பாதி வெளிறும். ஆறு குட்டிகள் பிறந்து ஆறும் இயல்பான நிறமாயிருந்தால், பாம்பு சுமப்பதாயின் அவ்வாறு நேர்வதற்கு அறுபத்துநான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. முன்னிருந்த மூன்றில் இரண்டு என்னும் எதிர்பார்ப்பையும் சேர்த்துக் கணித்தால், அப்பாம்பு பழுதைச் சுமப்பதற்கு முப்பத்துமூன்றில் ஒரு வாய்ப்பே எஞ்சும். முழு உறுதி இல்லை. ஆயினும் அவ்வளவு அரிதான வாய்ப்பை நம்பிப் பணம் முதலிடுவோர் சிலரே. ஒரு வெளிறிய குட்டி பிறந்துவிட்டாலோ கணக்கு வேண்டியதில்லை.

வெளிறிய பாம்பு என்று வெளிப்பார்வைக்கு ஒன்றாய்த் தோன்றுவன யாவும் ஒரே விகாரத்தால் வந்தவை அல்ல என்பதும் இனவிருத்தியாலேயே வெளியாயிற்று. தென்னமெரிக்க போவாப் பாம்புகளிலே வெளிறிய இரண்டு வழிகள் உள. அவற்றின் வெளிறிய பாம்புகளை ஒன்றோடொன்று இணைத்தபோது பிறந்த குட்டிகள் யாவும் கருநிறம் பெற்று இயல்பாகவே இருந்தன. இரண்டு குருடர் கூடியவிடத்துப் பார்வையுள்ள பிள்ளைகள் பிறந்தாற்போலும் இது! காரணம் எளிது. ஒரு வழியில் மெலனின் ஆக்கத்தின் ஒரு படியும், மற்ற வழியில் வேறொரு படியும் பழுதுற்றிருந்தன. தாய்க்கு இல்லாத படியைத் தந்தை தந்தான்; தந்தைக்கு இல்லாததைத் தாய் தந்தாள். புதிய வெளிறல் ஒன்று தோன்றும்போது அதனைப் பழைய வெளிறலோடு இணைத்துப் பார்ப்பது இக்காரணத்தினால் இன்றியமையாத சோதனையாகும். குட்டிகள் யாவும் வெளிறினால் பழுது ஒன்றே. யாவும் கறுத்தால் பழுது இரண்டு.

பந்து மலைப்பாம்பின் செய்தியில் இது பின்னர் அணுவளவிலும் உறுதியாயிற்று. 2022இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் வளர்ப்போரிடமிருந்து பெற்ற உரித்த சட்டைகளைக் கொண்டு ஆராய்ந்து, வெளிறியவற்றில் ‘அல்பினோ’ எனப்படுவதற்கு மெலனின் ஆக்கத்தின் தொடக்கத்தில் நிற்கும் தைரோசினேஸ் என்னும் நொதியத்தின் பரம்பரையலகிலும், ‘லவெண்டர் அல்பினோ’ எனப்படுவதற்கு ஓ.சி.ஏ.2 என்னும் வேறொரு பரம்பரையலகிலும் பழுதுண்மையைக் கண்டனர். சோளப் பாம்பின் கருமையின்மைக்குக் காரணமும் ஓ.சி.ஏ.2 இலேயே உள்ளதென 2015இல் ஜெனீவாப் பல்கலைக்கழகத்தார் கண்டனர்: இடம்விட்டு இடந்தாவும் மரபுத்துண்டு ஒன்று அவ்வலகினுள்ளே நுழைந்து அதனை முறித்திருந்தது.

எல்லா விகாரமும் பின்னிடைவாக மறைந்து கிடப்பதில்லை. சில, ஒரு பிரதி பழுதுற்றாலே வெளியில் தோன்றும். ‘பாஸ்டெல்’ எனப்படும் மஞ்சள் கூடிய பந்து மலைப்பாம்பை இயல்பான பாம்போடு இணைத்தால் குட்டிகளிற் பாதி பாஸ்டெலாக முதற் தலைமுறையிலேயே வந்துவிடும். பாஸ்டெலோடு பாஸ்டெலை இணைத்தால் நான்கில் ஒன்று இயல்பாகவும், இரண்டு பாஸ்டெலாகவும், எஞ்சிய ஒன்று மேலும் பொன்னிறமுடையதாகவும் பிறக்கும். வணிகர் இதனைச் ‘சூப்பர் பாஸ்டெல்’ என்பர். பழுதுற்ற பிரதி இரண்டாகும்போது தோற்றம் வேறாகின்றமையே அங்கு நிறுவப்படும் செய்தி. பாட நூல்கள் இதனை நிறைவிலா ஆட்சி என்று வகுக்கும். வணிகரோ நெடுநாளாக இதனை இணையாட்சி என்றே வழங்கி வந்தனர். அறிவியல் மொழியில் அது தவறாயினும் சந்தையிற் பழக்கமாகிவிட்டது.

இவ்வளவும் சொல்லியபின் ஒரு தடையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. எண்ணிப் பார்த்த குட்டிகளின் தந்தை எதுவென்பது உறுதியாய்த் தெரிந்திருத்தல் வேண்டும். பெண்பாம்பு ஆணின் விந்தைத் தன் உடலினுள்ளே நெடுங்காலம் தேக்கிவைக்க வல்லது. இளமையிலேயே பிடிக்கப்பட்டுத் தனித்து வளர்ந்த சங்கிலிக்கருப்பன் ஒன்று ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னர்க் குட்டி ஈன்றதாக 2011இல் ஆராய்ச்சியாளர் எழுதியுள்ளனர். அது வட அமெரிக்காவின் கிலுகிலுப்பைப் பாம்பு வகையைச் சேர்ந்தது. ஆதலின் காட்டிலிருந்து வந்த பெண்ணோ, பலர் கைமாறிய பெண்ணோ சோதனைக்கு ஏற்றதன்று. பொரித்த நாள்முதல் தனியே வளர்ந்த கன்னிப் பெண்ணே ஏற்றது.

அதுவும் போதாமற் போவதுண்டு. 2010ஆம் ஆண்டின் இறுதியிலே வெளியான ஒரு செய்தி நிறவிகாரத்தை நேசிப்போரையும் உயிர்நூலாரையும் ஒருங்கே வியக்கச் செய்தது. ஆண்பாம்புகள் உடனிருந்தும் ஒரு பெண் போவாப் பாம்பு, ஆணின் துணையின்றி இரண்டு ஈற்றுகளில் 22 குட்டிகளை ஈன்றது. அத்தாய் கருவெல்ல நிறமுடையது. அது அரிய பின்னிடைவான விகாரம். உடனிருந்த ஆண்களுள் எதுவும் அவ்விகாரத்தைக் கொண்டதன்று. அவற்றுள் ஒன்று தந்தையாயிருந்தால் குட்டிகள் இயல்பான நிறம் பெற்றிருக்க வேண்டும். ஆனால் அனைத்தும் தாயைப் போன்று கருவெல்ல நிறமாகவே பிறந்தன, அனைத்தும் பெண். மரபுப் பொருளைச் சோதித்தபோது தந்தையின் பங்கு இல்லையென்பது மெய்யாயிற்று. இங்கு நிறத்தை இனவிருத்தியாற் சோதிப்பதற்கு மாறாக, நிறமே இனவிருத்தியின் மறைபொருளைச் சோதித்துத் தந்தது. அப்போது அந்தக் குட்டிகளின் பாலை நிர்ணயிக்கும் நிறமூர்த்தங்களைப் பற்றிச் சொல்லப்பட்ட கருத்து, 2017இல் போவாவிலும் மலைப்பாம்பிலும் மனிதரிற் போல எக்ஸ், வை நிறமூர்த்தங்களே உள்ளனவெனத் தெரிந்தபின் திருத்தப்படவேண்டியதாயிற்று.

இன்னும் ஒரு வகை ஏமாற்றம் உண்டு. முட்டைகளை அடைகாக்கும் வெப்பம் அளவு தவறினால் குட்டியின் திட்டுகள் உருமாறி, கோடுகளாகவோ குழம்பிய வடிவங்களாகவோ தோன்றலாம். இத்தகைய குட்டி காண்பதற்கு விந்தையாயிருக்கும். அதன் மக்களோ இயல்பாகவே இருக்கும். பேரரும் இயல்பாகவே இருப்பர். ஐயத்திற்குரிய இத்தகைய பாம்பை ‘டிங்கர்’ என்று வளர்ப்போர் வேடிக்கையாக அழைப்பர். தென் கரோலைனாவில் ஒக்கிட்டி என்னும் இடத்துச் சோளப் பாம்புகள் செந்திட்டுகளும் தடித்த கருங்கரையும் கொண்டு புகழ்பெற்றவை. ஆனால் அழகு தேடித் தலைமுறைதோறும் தேர்ந்தெடுத்ததால் மிகுந்தது அவ்வழகு. ஒரே பழுதால் வந்ததன்று. ஆதலின் நான்கிற்கு ஒன்று, இரண்டிற்கு ஒன்று என்னும் எண்ணிக்கை அங்கே பொருந்தாது.

நிறத்தை நிறுவுவோர் நிறத்தை மட்டும் எண்ணினால் வேறொரு தீங்கு கண்ணிற் படாமற் போகும். பந்து மலைப்பாம்பிற் ‘சிலந்தி’ எனப்படும் ஒரு வகையுண்டு. மெல்லிய கருங்கோடுகள் உடலெங்கும் சிலந்தி வலை போற் படர்ந்திருக்கும் அழகினால் அது விரும்பப்பட்டது. ஆபிரிக்காவிலிருந்து வந்த ஒரு தனிப் பாம்பினின்று தொடங்கி, 1999இல் இனவிருத்தியால் நிறுவப்பட்டு எங்கும் பரவியது. ஒரு பிரதி போதும்; பாதிக் குட்டிகள் சிலந்தியாகவே பிறக்கும். சோதனைக்கு இதனினும் எளியது இல்லை. ஆயின் இவற்றின் தலை நடுங்குவதும், கழுத்து முறுக்கிக்கொள்வதும், இரையை நோக்கிப் பாயும்போது குறி தவறுவதும் வளர்ப்போருக்கு விரைவிலேயே தெரியவந்தன. நிறமும் நடுக்கமும் ஒன்றோடொன்று பிரியாமற் சென்றன. ஆண்டு பல தேர்ந்தெடுத்தும் நிறத்தை மட்டும் வைத்து நடுக்கத்தைக் களையமுடியவில்லை. 2022இல் ஜெர்மனியர் இப்பாம்புகளின் உட்காதை ஊடுகதிர்ப் படங்களால் ஆராய்ந்து, சமநிலை காக்கும் குழல்களும் பைகளும் உருத்திரிந்திருப்பதைக் கண்டனர். நிறந்தாங்கும் கலங்களும் காதின் சில பகுதிகளும் கருவில் ஒரு மூலத்திலிருந்தே எழுபவை என்பதை அறிந்தோர்க்கு இது பெரும் வியப்பன்று. ஒரு நிறம் தலைமுறையிற் தொடர்ந்து வருகின்றதா என்பது ஒரு வினா. அந்நிறத்தோடு வேறென்ன தொடர்ந்து வருகின்றது என்பது மற்றொன்று. சிலந்தியைப் பொறுத்தவரை முதலாவது வினாவிற்கு விடை கிடைத்தபின்பே இரண்டாவது வினாவைப் பலர் எழுப்பினர்.

இன்று பாம்பு உரித்துவிட்ட சட்டையை ஒரு கடித உறையில் இட்டு ஆய்வுகூடத்திற்கு அனுப்பினால், பழுதுற்ற அலகு அறியப்பட்டுள்ள விகாரங்களுக்கு, அது சுமப்பதா அன்றா என்பதை முட்டை பொரிக்காமலே சொல்லிவிடலாம். உயிருள்ள பாம்பைத் தொடவேண்டியதும் இல்லை. ஆயினும் அலகு அறியப்படாத புதிய நிறம் ஒன்று ஒரு பெட்டியில் திடீரெனத் தோன்றும்போது அந்த வழி உதவாது. அங்கே பழைய வழியே உள்ளது: கன்னிப் பெண்ணைத் தனித்து வளர்த்தல், நாளும் ஆண்பாம்பின் பெயரும் குறித்து வைத்தல், ஏறக்குறைய இரண்டு மாதம் முட்டைகளை ஒரே வெப்பத்தில் அடைகாத்தல், பின்னர் மூன்று ஆண்டளவு காத்திருந்து மீண்டும் அதனையே செய்தல்.